3 எழுத்தில் ஒளிந்த ஊர்: டி.வி. சுந்தரம் அய்யங்கார் கதை

திசையன்விளையில் மோட்டார் சாமான் கடை எதிலாவது நுழைந்து பாருங்கள். அலமாரி நிறைய அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். பிரேக்குக்கு ஒரு பெட்டி. விளக்குக்கு ஒரு பெட்டி. போல்ட்டு நட்டுக்கு ஒரு பெட்டி. அவற்றில் சில பெட்டிகளின் மேல் டி.வி.எஸ். என்ற 3 எழுத்து அச்சாகி இருக்கும்.

அந்த 3 எழுத்தில் முதல் எழுத்து ஓர் ஊரின் பெயர். அது நமக்கு அன்னிய ஊர் அல்ல. திசையன்விளையில் இருந்து நாங்குநேரி, ஏர்வாடி வழியாக மலையைப் பார்த்துப் போனால் வந்துவிடும். அதுதான் திருக்குறுங்குடி.

நம்பியாறு அந்த ஊருக்கு மேலே உள்ள மலையில் பிறக்கிறது. வயல்களைத் தாண்டி, பனங்காடுகளைத் தாண்டி, திசையன்விளைப் பக்கத்தில் கடலோடு சேருகிறது. ஆற்றின் தலைமாட்டில் அவர் பிறந்தார். கால்மாட்டில் நாம் இருக்கிறோம்.

தென்னாட்டில் மோட்டார் தொழிலுக்கு அடி போட்டவர் அவர். ஆனால் அவர் சொந்தமாக ஒரு காரையும் உருவாக்கியது இல்லை. கார் ஓடுவதற்கு வேண்டிய சாமானைச் சரியாகத் தேர்ந்து எடுத்து, வேண்டிய நேரத்தில் கிடைக்கும்படி செய்தார். கேட்பதற்குச் சின்ன வேலை போலத் தோன்றும். அது எவ்வளவு பெரிய வேலை என்பது நடுரோட்டில் கார் நின்று போனவர்களுக்குத் தெரியும்.

மாட்டு வண்டிக் காலம்

சுந்தரம் அய்யங்கார் 1877-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந் தேதி பிறந்தார். அதற்கு ஓர் ஆண்டு முன்புதான் ரயில் திருநெல்வேலிக்கு வந்திருந்தது. ஆனால் ரயிலை விட்டு இறங்கினால் எல்லாம் மாட்டு வண்டிதான். திருநெல்வேலியில் இருந்து திருக்குறுங்குடிக்கு வர வேண்டும் என்றால், கட்டுச்சோறு கட்டிக் கொண்டு கிளம்ப வேண்டும்.

அந்தக் காலத்தில் படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வக்கீல் வேலைதான் கவுரவம். தகப்பனாரின் வழியில் சுந்தரம் அய்யங்காரும் முதலில் சட்டத் தொழிலில்தான் இறங்கினார். அது ஒட்டவில்லை. பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். அதன் பிறகு ஒரு பாங்கியில் வேலை பார்த்தார்.

மாதம் பிறந்தால் சம்பளம். வயதானால் நிம்மதி. மனைவி லட்சுமி அம்மாளும் குழந்தைகளும் உள்ள வீடு. இப்படிப்பட்டவர் வேலையை விடுவதற்கு நூறு முறை யோசிப்பார். இவர் விட்டு விட்டார். 1911-ம் ஆண்டு சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 34. கம்பெனியின் பெயரிலேயே மகன்களையும் சேர்த்துக் கொண்டார். டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் என்று பெயர் வைத்தார். பிள்ளைகள் வளர்ந்து தொழிலுக்கு வருவார்கள் என்று எவ்வளவு உறுதி பாருங்கள்!

1912-ம் ஆண்டு மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கினார். தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்து ரோடுகளிலும் அவருடைய பஸ் ஓடியது.

அது எப்படிப்பட்ட காலம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் என்றால் ஜமீன்தாரும் வெள்ளைக்காரத் துரையும் வைத்திருக்கும் வேடிக்கைப் பொருள். சத்தம் கேட்டால் மாடு மிரளும். குழந்தைகள் பின்னாலேயே ஓடும். வண்டி கப்பலில் வந்தது. அதில் உள்ள ஒவ்வொரு திருகாணியும் கப்பலில்தான் வந்தது. ஒரு சின்னச் சாமான் உடைந்து போனால் சீமைக்குக் கடிதம் எழுதிவிட்டு, மறு கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டும். அதுவரை கார் கொட்டகையில் தூங்கும்.

ஜமீன்தார் கார் தூங்கலாம். பஸ் தூங்க முடியுமா? சந்தைக்குப் போகிறவன், கோர்ட்டில் வழக்கு உள்ளவன், பிரசவத்துக்குத் தாய் வீடு போகிற பெண், எல்லோரும் பஸ்ஸை நம்பித்தான் வாசலில் வந்து நிற்கிறார்கள். ஒரு தடவை ஏமாந்தால் மறு நாள் மாட்டு வண்டிக்கே திரும்பி விடுவார்கள்.

ஆகவே பஸ் ஓட்டத் தொடங்கியவருக்கு முதல் கவலை பஸ் அல்ல. சாமான்தான்.

லாட ஆணி

அந்த நாள் ரோட்டில் பஸ்ஸுக்குப் பெரிய எதிரி எது தெரியுமா? லாட ஆணி.

மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிப்பார்கள். நடக்க நடக்க ஆணி கழன்று ரோட்டில் விழும். அந்த ரோட்டில் ரப்பர் டயர் வந்தால் பஞ்சர்தான். ஒரே பயணத்தில் பல முறை வண்டியை நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, டியூப்புக்கு ஒட்டுப் போட வேண்டியிருந்தது. பிரயாணிகள் புளிய மரத்தடியில் உட்கார்ந்து கொள்வார்கள்.

இதற்கு அய்யங்கார் செய்த காரியத்தை இன்றைக்கும் கதையாகச் சொல்கிறார்கள். காந்தம் பூட்டிய ஒரு வண்டியை முன்னால் அனுப்பி, ரோட்டில் கிடந்த ஆணிகளை எல்லாம் பொறுக்கச் செய்தாராம். பின்னால் வந்த பஸ் பஞ்சர் இல்லாமல் போயிற்றாம்.

நல்ல மெக்கானிக் பஞ்சர் ஒட்டுவான். அதைவிட நல்ல மெக்கானிக் பஞ்சர் ஏன் வருகிறது என்று பார்ப்பான். அய்யங்கார் கையில் ஸ்பானர் பிடித்தவர் அல்ல. ஆனால் அவருக்கு இந்த இரண்டாவது புத்தி இருந்தது.

இங்கே இன்னொரு சேதி. மாற்றுச் சக்கரத்தை நாம் எல்லோரும் ஸ்டெப்னி என்கிறோம். அது ஒரு தெருவின் பெயர். இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாடு இருக்கிறது. அங்கே லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு. அதில் தொழில் செய்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ம் ஆண்டு இந்த மாற்றுச் சக்கரத்தைக் கொண்டு வந்தார்கள். அதற்கு முன் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சர் ஆனால் அங்கேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். எங்கேயோ இருக்கிற ஒரு தெருவின் பெயர் தேரி மணல் வரை வந்துவிட்டது!

சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் தங்கள் ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது? பல கார்களில் ஸ்டெப்னி இருக்கும், காற்று இருக்காது. ஜாக்கி இருக்கும், அதைச் சுற்றும் கம்பி இருக்காது. வீட்டில் சும்மா இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை எல்லாம் இறக்கிப் பாருங்கள். இரவு 10 மணிக்கு உவரி ரோட்டில் பார்ப்பதைவிட அது சுலபம்.

மணி பார்க்காமல் பஸ் பார்த்தார்கள்

வியாபாரம் வளர்ந்தது. மதுரை தலைமை இடம் ஆயிற்று. ஊருக்கு ஊர் பஸ். பஸ்ஸுக்குப் பின்னால் லாரி. பஸ்ஸை வைத்து மணியைச் சரிசெய்து கொள்ளலாம் என்று அந்தக் காலத்து மதுரைக்காரர்கள் பெருமை பேசுவார்கள். கொஞ்சம் மிகையாகவும் இருக்கலாம். ஆனால் மிகைப்படுத்திப் புகழவும் ஒரு காரணம் வேண்டும் அல்லவா?

பஸ் நேரத்துக்கு வருகிறது என்றால் டிரைவர் வேகமாக ஓட்டுகிறார் என்று பலர் நினைப்பார்கள். அது தவறு. முதல் நாள் ராத்திரி ஒர்க்‌ஷாப்பில் ஒருவன் விளக்கைப் பிடித்துக் கொண்டு அடியில் படுத்திருக்கிறான். தேய்ந்ததை மாற்றுகிறான். தளர்ந்ததை முறுக்குகிறான். மாற்றுவதற்குச் சாமான் அலமாரியில் இருக்கிறது. அதனால்தான் பஸ் நேரத்துக்கு வருகிறது. அந்த மெக்கானிக்குகளின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அது ஒரு குறைதான்.

தம்முடைய பஸ்ஸுக்கு என்று சேர்த்த சாமான் அனுபவம், பிறகு பிறருக்கு விற்கும் தொழிலாக விரிந்தது. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று கிளைக் கம்பெனிகள் வந்தன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-ல் பம்பாயில் கார் பூட்டும் தொழிற்சாலையைத் தொடங்கியது. அந்தக் கம்பெனி வண்டிகளைத் தென்னாட்டில் விற்றது அய்யங்கார் குடும்பம். பின்னாளில் சுந்தரம் மோட்டார்ஸ் அதன் மிகப் பெரிய விற்பனையாளர்களில் ஒன்றாக இருந்தது.

வண்டியை விற்பதில் லாபம் ஒரு தடவை. அந்த வண்டிக்கு 20 வருடம் சாமான் கொடுப்பதில்தான் பெயர் நிற்கும். அவர் இதைப் புரிந்து கொண்டார்.

கோவையில் ஜி.டி. நாயுடு இருந்தார். அவர் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, ஒவ்வொரு பாகமாகப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டித் தொழில் கற்றவர். 1920-ல் அவரும் பஸ் ஓட்டினார். நாயுடு இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து பார்த்தவர். அய்யங்கார் அந்த வயிற்றுக்கு வேண்டிய மருந்தைத் தயாராக வைத்திருந்தவர். யார் பெரியவர் என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். கார் நின்று போன மனிதனுக்கு இருவரும் வேண்டும்.

ஸ்பானர் குழப்பம்

அந்தக் காலத்து ஒர்க்‌ஷாப்பில் ஒரு பெரிய தலைவலி இருந்தது. அதைச் சொன்னால் இன்றைக்குக் கார் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும்.

நம் ரோடுகளில் 2 வகை வண்டிகள் ஓடின. மோரிஸ், ஆஸ்டின் போன்றவை இங்கிலாந்து வண்டிகள். செவர்லே, போர்டு போன்றவை அமெரிக்க வண்டிகள். இரண்டு நாட்டிலும் அங்குலக் கணக்குதான். ஆனால் ஸ்பானர் வேறு வேறு!

இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் 1841-ல் போல்ட்டுகளுக்கு ஓர் அளவு முறை வகுத்தார். அந்த முறையில் ஸ்பானர் மேல் அரை அங்குலம் என்று போட்டிருந்தால் அது போல்ட்டின் கனத்தைக் குறிக்கும். ஸ்பானரின் வாய் ஏறக்குறைய 1 அங்குலம் இருக்கும். அமெரிக்க ஸ்பானரில் அரை அங்குலம் என்றால் வாயே அரை அங்குலம்தான். இது தெரியாமல் கையில் கிடைத்ததை நுழைத்தால் நட்டின் 6 மூலையும் மழுங்கிவிடும். மழுங்கிய நட்டை எந்த ஸ்பானரும் கழற்றாது. உளி வைத்து வெட்ட வேண்டும்.

பிறகு வந்த அம்பாசடர் காருக்கு அங்குல ஸ்பானர். பியட்டுக்கு மில்லி மீட்டர் ஸ்பானர். 1983-ல் மாருதி 800 வந்த பிறகு மில்லி மீட்டர்தான் எங்கும். 10, 12, 14, 17 என்ற நம்பர்களைத் தெரியாத மெக்கானிக் பையன் கிடையாது. அங்குல ஸ்பானர்கள் பெரிய பட்டறைகளின் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பழைய அம்பாசடரைப் போற்றி வைத்திருப்பவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள்.

சொந்தமாகக் கருவி வாங்க ஆசைப்படுகிறவர்கள் கடையில் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரிய பெட்டியில் 100 கருவி என்று விற்பார்கள். அதில் 80 கருவியை ஆயுள் முழுவதும் தொட மாட்டீர்கள். உங்கள் காரில் எந்த அளவு நட்டு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதற்கு வேண்டிய ஐந்தாறு ஸ்பானரை நல்ல எஃகில் வாங்குங்கள். குரோம் வனேடியம் என்று பொறித்திருக்கும். மட்ட இரும்பில் செய்த ஸ்பானர் நட்டைத் திருப்பும்போது வாயைப் பிளக்கும். நட்டும் போகும், விரல் முட்டியும் போகும்.

வாய் திறந்த ஸ்பானர் நட்டின் 2 பக்கத்தைத்தான் பிடிக்கும். ரிங் ஸ்பானர் நட்டைச் சுற்றிலும் பிடிக்கும். இறுகிப் போன நட்டுக்கு ரிங் ஸ்பானர்தான் நல்லது. ஸ்பானரைத் தள்ளாமல், உங்கள் பக்கமாக இழுங்கள். நழுவினாலும் கை இரும்பில் மோதாது.

திருப்புளி ஒன்று போதாது. சின்னது, பெரியது, நட்சத்திர முனை என்று 3 ஆவது வேண்டும். குறடு ஒன்று. டயர் காற்றைப் பார்க்கும் மீட்டர் ஒன்று. விளக்கு ஒன்று.

ஜாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாக்கி காரைத் தூக்குவதற்கு. தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுத்து உயிரை விட்டவர்கள் உண்டு. தேரி மணலில் ஜாக்கி புதைந்து சாயும். அடியில் கனமான பலகை போட வேண்டும். காரைத் தூக்கிய பிறகு இரும்பு ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். செங்கல்லை அடுக்காதீர்கள். பாரம் ஏறினால் செங்கல் சொல்லாமல் உடையும். ஸ்டாண்டு வாங்கக் காசு இல்லை என்றால் காருக்கு அடியில் போகாதீர்கள். மெக்கானிக்கிடம் விட்டு விடுங்கள்.

யுத்தம் வந்தது

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. மோட்டார் தொழிலுக்கு அது சோதனைக் காலம்.

1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. மலேயாவும் அவர்களிடம் விழுந்தது. அங்கிருந்து வந்த ரப்பர் நின்றது. கப்பல்கள் எல்லாம் யுத்தச் சாமான் ஏற்றின. மோட்டார் சாமானுக்கு இடம் இல்லை. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. எண்ணெய் இல்லை, டயர் இல்லை, சாமான் இல்லை. பல ஊர்களில் பஸ்கள் கொட்டகையில் நின்றன.

அய்யங்கார் கம்பெனி கரியைக் கையில் எடுத்தது.

கரி வாயுவால் மோட்டாரை ஓட்டும் முறை ஐரோப்பாவில் முன்பே இருந்தது. அதை நம் ஊருக்கு ஏற்றபடி செய்து, டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற பெயரில் வெளியிட்டார்கள். பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளை நிற்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்ற வைப்பார்கள். காற்றைக் குறைவாக விடுவார்கள். கரி முழுவதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவைக் கக்கும். அந்த வாயுவைக் குளிரவைத்து, சாம்பலை வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் போலவே எரியும்.

போலவே என்றால் அப்படியே அல்ல. எஞ்சினின் பலம் மிகவும் குறைந்து விடும். மேட்டில் ஏறத் திணறும். விடியற்காலை பஸ் கிளம்ப வேண்டுமானால் அதற்கு முன்பே எழுந்து விசிறிச் சக்கரத்தைச் சுற்றித் தணல் உண்டாக்க வேண்டும். வழியில் நிறுத்திக் கம்பி விட்டுக் கிளற வேண்டும். சாம்பல் அள்ள வேண்டும். வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் விட்டால் தூசி எஞ்சினுக்குள் போய் பிஸ்டனை அறுக்கும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, மூடிய கொட்டகையில் சுவாசித்தால் ஆளைக் கொல்லும்.

கண்டக்டருக்கும் டிரைவருக்கும் முகமெல்லாம் கரி. பிரயாணிகளின் வெள்ளை வேட்டி சாம்பல் நிறம். வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் கரி பஸ்ஸைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய பெற்றோர் சொன்ன கதை ஏதாவது ஞாபகம் இருக்கும்.

ஆனால் பஸ் ஓடியது. அதுதான் முக்கியம்.

டயருக்கும் வழி கண்டார்கள். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் பதித்து, அதை மீண்டும் ஓட்டுக்குத் தயார் செய்யும் தொழிலைத் தொடங்கினார்கள். ரீட்ரெடிங் என்பார்கள். லாரிக்காரர்கள் இன்றும் அதைச் செய்து கொள்கிறார்கள். டயரின் உள் துணி நன்றாக இருந்தால்தான் அது உதவும். பக்கவாட்டில் வெடித்த டயருக்குப் புதுச் சட்டை போட்டுப் பயன் இல்லை.

வீட்டில் ஒரு புரட்சி

அய்யங்காருக்கு 5 மகன்கள், 3 மகள்கள். மகள் சவுந்தரத்துக்கு அந்தக் கால வழக்கப்படி சிறு வயதில் கலியாணம் ஆயிற்று. சீக்கிரமே அவர் கணவரை இழந்தார். அந்த நாளில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டுதான் உலகம்.

அய்யங்கார் தம்பதியர் மகளை அப்படி விடவில்லை. படிக்க வைத்தார்கள். டில்லியில் உள்ள லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். 1936-ல் அவர் டாக்டர் ஆனார். 1940-ல் ஜி. ராமச்சந்திரனை மணந்தார். 1947-ல் இருவரும் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். டாக்டர் சவுந்தரம் பிறகு மத்திய அரசாங்கத்தில் துணை மந்திரியாகவும் இருந்தார். தகப்பனாரின் பெயரைப் போலவே மகளின் பெயரும் நாடு முழுவதும் தெரிந்தது.

சாமான் வராத நாள்

சுதந்திரம் வந்த பிறகு மோட்டார் தொழிலில் பெரிய மாறுதல் வந்தது. வெளிநாட்டில் இருந்து பாகங்களைக் கொண்டு வந்து இங்கே பூட்டி விற்பது போதாது, பாகங்களை இங்கேயே செய்ய வேண்டும் என்று அரசாங்கம் 1953-ல் முடிவு செய்தது. அதற்குச் சம்மதிக்காத கம்பெனிகள் கிளம்பின. ஜெனரல் மோட்டார்ஸும் பம்பாய்த் தொழிற்சாலையை மூடியது.

செவர்லே வைத்திருந்தவர்கள் கதி என்ன? கார் நன்றாக இருக்கும். பேரிங் ஒன்று போனால் கிடைக்காது. கிடைத்தால் யானை விலை, குதிரை விலை. அந்தக் காலத்தில்தான் போலிச் சாமான் நன்றாகத் தலை எடுத்தது. ஏதோ ஒரு பட்டறையில் கடைந்து, பழைய பெட்டியில் போட்டு, சீமைச் சரக்கு என்று விற்றார்கள். சில மெக்கானிக்குகள் அற்புதமாகக் கடைந்தார்கள் என்பதும் உண்மை. எல்லாவற்றையும் போலி என்று தள்ளிவிட முடியாது.

அந்த வியாதி இன்றும் தீரவில்லை. ஒரிஜினல், டூப்ளிகேட், லோக்கல் என்று கடைக்காரரே 3 விலை சொல்வார். எதை வாங்குவது?

என் கணக்கு இதுதான். உடைந்தால் கார் நிற்கும் என்றால் அதில் சிக்கனம் பார்க்கலாம். உடைந்தால் கார் நிற்காது என்றால் அதில் சிக்கனம் கூடாது. விளக்குக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, மட்கார்டு இவற்றை லோக்கலிலும் வாங்கலாம். பழைய இரும்புக் கடையிலும் எடுக்கலாம். பிரேக், ஸ்டீயரிங், டயர், பெட்ரோல் போகும் குழாய் இவற்றில் 200 ரூபாய் மிச்சம் பிடிக்க நினைக்கக் கூடாது. பின் சீட்டில் உட்கார்ந்திருப்பது நம் குழந்தைகள்.

கடைக்குப் போகும்போது காரின் பதிவுப் புத்தகத்தைக் கொண்டு போங்கள். ஒரே பெயர் கொண்ட காருக்கு வருடத்துக்கு வருடம் சாமான் மாறும். சேசிஸ் நம்பரைப் பார்த்துத்தான் சரியானதை எடுக்க முடியும். கழற்றிய பழைய சாமானையும் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கனம் ஒன்றா? துளைகள் ஒன்றா? விளிம்பு சுத்தமா? பெட்டியின் மேல் எழுத்து மங்கலாக இருந்தாலோ, முத்திரை கிழிந்து ஒட்டப்பட்டிருந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பில் கேளுங்கள். பில் கொடுக்கத் தயங்குகிற கடைக்காரர் தம் சரக்கையே நம்பவில்லை என்று அர்த்தம்.

பிரேக் ஆயிலைச் சின்ன டப்பாவாக வாங்குங்கள். மூடியைத் திறந்து வைத்தால் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக் கெட்டுப் போகும். நம் ஊர்க் கடல் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை. டயரின் பக்கவாட்டில் 4 எண்கள் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. கடையிலேயே கிழடான டயரைப் புது விலைக்கு வாங்கி ஏமாற வேண்டாம்.

கடைசிக் காலம்

பாகங்களை இங்கேயே செய்ய வேண்டும் என்ற காலம் பிறந்தபோது அய்யங்காருக்கு வயது 76. மகன்கள் தலை எடுத்து விட்டார்கள். பொறுப்பை அவர்களிடம் விட்டார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி கொடைக்கானலில் காலமானார்.

வாழ்நாள் முழுவதும் கப்பலில் வந்த சாமானைத் தேர்ந்து எடுத்து விற்றவர், அதை உள்ளூரில் செய்வதைப் பார்க்கவில்லை. மகன்கள் டி.எஸ். ராஜம், டி.எஸ். சந்தானம், டி.எஸ். சீனிவாசன், டி.எஸ். கிருஷ்ணா காலத்தில் அது நடந்தது. 1960-ல் சக்கரம் செய்ய வீல்ஸ் இந்தியா. 1961-ல் மின்சாரச் சாமான் செய்ய லூகாஸ் டி.வி.எஸ். 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். போல்ட்டு நட்டுக்குச் சுந்தரம் பாஸ்னர்ஸ். தகப்பனார் அலமாரியில் அடுக்கி வைத்த பெட்டி ஒவ்வொன்றும் ஒரு தொழிற்சாலை ஆனது போல இருந்தது.

பஸ்கள் நிலைக்கவில்லை. 1972-ல் அரசாங்கம் அவற்றை எடுத்துக் கொண்டது. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. மதுரையில் டி.வி.எஸ். பஸ் பழங்கதை ஆயிற்று.

சாமான் நிலைத்தது. ரேடியேட்டர் மூடி என்று ஒன்று உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும். கார் சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும், ஆறிய பிறகுதான் தொட வேண்டும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்யும் கார்களுக்கு அந்த மூடியைச் செய்து கொடுக்கும் வேலை 1992-ல் சுந்தரம் பாஸ்னர்ஸுக்குக் கிடைத்தது. ஒரு காலத்தில் அமெரிக்கச் சாமானுக்காக மதுரையில் காத்திருந்தார்கள். இப்போது சென்னையில் செய்த மூடி, கப்பல் ஏறி அந்தக் கம்பெனிக்கே போயிற்று.